சில்லுக்கும் மோட்டருக்கும் பொம்மை வரியா? திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

இறக்குமதி வரி வீதங்களைத் தீர்மானிப்பவர்களுக்கும், வெளிநாட்டுப் பொதிகளைத் திறந்து பார்த்துப் பெறுமதி எழுதுபவர்களுக்கும்,

இங்கிலாந்திலிருந்து எனக்கு வந்த ஒரு சிறு பொதியை நீங்கள் மதிப்பிட்ட விதத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உள்ளே இருந்தவை, உண்மையான ரயிலைச் சிறு அளவில் அப்படியே செய்யும் மாதிரி ரயிலுக்கான பன்னிரண்டு சோடி உலோகச் சில்லுகள், இரண்டு சிறிய மின்மோட்டர்கள், ஒரு பக்கற் பல்சில்லுகள். விலை 31 பவுண். கடைக்காரர் இன்வொய்ஸின் ஒரு பிரதியைப் பெட்டிக்குள்ளும் ஒன்றை வெளியிலும் வைத்திருந்தார். என் வங்கி அட்டையில் அதே தொகை கழிந்ததற்கான அத்தாட்சியையும் நான் காட்டினேன். மேசையில் இருந்த சுங்க அலுவலர் அவற்றை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு, கைத்தொலைபேசியில் மாதிரி ரயில் என்று தேடினார். முழு என்ஜின் ஒன்றின் விலை வந்தது. அதைத்தான் என் பொதியின் பெறுமதியாக எழுதினார். “எல்லாம் ரயில் சாமான்தானே ஐயா” என்பதுதான் எனக்குக் கிடைத்த விளக்கம்.

அப்படியானால் முதலில் அந்த ரயில் சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வரி போடும் பொருள் என்ன என்று தெரியாமல் மேற்கொண்டு கதைத்துப் பயனில்லை.

திருகோணமலையில் மாதிரி ரயில் கட்டுபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். சனிக்கிழமை பின்னேரங்களில் உவர்மலையில் என் வீட்டுப் பின்விறாந்தையில் கூடுவோம். ரயில்வேயில் பிற்றராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், வங்கியில் வேலை செய்யும் ஒருவர், கணக்குப் படிப்பிக்கும் நான், உயர்தரத்தில் தொழினுட்பம் எடுத்திருக்கும் சில பெடியள், அவர்களைவிட நுணுக்கமாக ஈயம் ஒட்டத் தெரிந்த ஒரு பிள்ளை. எங்களில் யாரும் காசுக்காரர் இல்லை. கட்டுவது கல்லோயாச் சந்தியிலிருந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாகத் திருகோணமலைக்கு வரும் பாதை. 1927இல் திறக்கப்பட்டது, யுத்த காலத்தில் நின்றும் ஓடியும் வந்தது. அந்தக் காலத்துப் பெட்டிகளின் வரைபடமோ நல்ல படமோ எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. பிற்றர் ஐயாவின் ஞாபகமும், பழைய பெட்டிகளில் நாங்களே நாடா பிடித்து அளந்த அளவுகளும்தான் ஆதாரம்.

இந்தப் பாதையின் ரயில்களைக் கடையில் வாங்க முடியாது. பெரிய கம்பனிகள் பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா, யப்பான் ரயில்களைச் செய்கின்றன. கனடாவில் கட்டி 1975இல் இங்கே வந்த எம்-4 என்ஜினைப் பெட்டிக்குள் வைத்து யாரும் எங்களுக்கு விற்கவில்லை. அதற்கும் மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. உலகச் சந்தையில் மலிவாகவும் தாராளமாகவும் கிடைப்பது 16.5 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளம். அது ஐரோப்பாவின் நாலடி எட்டரை அங்குலப் பாதைக்காகச் செய்யப்பட்டது. எங்களுடையது ஐந்தரை அடி அகலப்பாதை. 1:87 என்ற அளவில், அதாவது உண்மையானதில் 87இல் ஒரு பங்காகக் கட்டினால் எங்கள் பாதை 19 மில்லிமீற்றருக்கு மேல் வரவேண்டும். 1:76 என்றால் 22. இரண்டுக்கும் கடைத் தண்டவாளம் உதவாது.

வழியைக் கண்டுபிடித்தது எங்கள் பெடியன் ஒருவன். ஓர் அடிக்கு 3 மில்லிமீற்றர் என்று வைத்தால், ஐந்தரை அடிக்கு 16.5. அச்சொட்டாகப் பொருந்துகிறது! பிரிட்டனில் இந்த 3 மில்லிமீற்றர் அளவில் பல காலமாகக் கட்டுகிறார்கள் என்று பிறகுதான் தெரியவந்தது. என்றாலும் கணக்கு அவனுடையது. அன்றிலிருந்து தண்டவாளத்தை மட்டும் கடையில் வாங்கி, அதன் மேல் ஓடும் எல்லாவற்றையும் இங்கேயே செய்கிறோம்.

எல்லாவற்றையும் என்றால் உண்மையிலேயே எல்லாவற்றையும்தான். பெட்டியின் உடல் பிளாஸ்ரிக் தகட்டில் வெட்டியது. ஜன்னல் கண்ணாடி புதுச் சேட்டுப் பெட்டியின் மேல்மூடி. சீனக்குடாவுக்கு எண்ணெய்த் தாங்கி வண்டி 25 மில்லிமீற்றர் பிவிசி குழாய்த் துண்டில் எழும்பியது. மலையும் மேடும் ரிஜிபோம். தண்டவாளத்துக்கிடையில் போடும் சல்லி, சல்லடையில் அரித்த கருங்கல் தூள். தம்பலகாமத்து வயலுக்குப் பச்சைச் சாயம் ஊற்றிய மரத்தூள், வரம்போரப் புல்லுக்குத் தும்பு. இவற்றுக்கெல்லாம் மெயின் வீதிக் கடைகளே போதும்.

இங்கே செய்ய முடியாதவை மிகச் சில. முதலாவது சில்லு. ஒரு மாதிரி ரயில் சில்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். தண்டவாளத்தை விட்டு விலகாமல் பிடிக்கும் விளிம்பின் ஆழம் ஒரு மில்லிமீற்றர்கூட வராது. நடுத்துவாரம் மயிரிழை விலகினாலும் பெட்டி நொண்டி நொண்டித்தான் ஓடும். இரண்டு தண்டவாளங்களிலும் மின்சாரத்தின் இரு முனைகள் ஓடுவதால், அச்சின் ஒரு பக்கச் சில்லையாவது மின் கடத்தாமல் பிரித்து வைக்கவேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைப் பாதையில் வைத்த நிமிடமே சோட் ஆகிவிடும். பிற்றர் ஐயா நண்பரின் கடைசல் இயந்திரத்தில் பித்தளையில் கடைந்து பார்த்தார். பார்வைக்கு வடிவாக இருந்தது, ஓட்டத்துக்குச் சரிவரவில்லை. நாற்பது வருடம் உண்மையான ரயில்களைத் திருத்திய கை அது. அவரே “இது விலைக்கு வாங்கவேண்டிய சாமான்” என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது மோட்டர். மூன்றாவது பல்சில்லு. பழைய என்ஜின்களில் அச்சின் மேல் இறுக்கி ஏற்றிய பிளாஸ்ரிக் பல்சில்லு காலப்போக்கில் வெடிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல்தான். ஆனால் சில்லு ஒருமுறை சுற்றும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒரு சத்தம், கூடவே என்ஜின் ஒரு குலுங்கு குலுங்கும். ஒரு கிராம்கூட இல்லாத அந்தத் துண்டு கிடைக்காவிட்டால் முழு என்ஜினும் அலுமாரிக்குள்தான். நான்காவது தண்டவாளம். மலிவான இரும்புத் தண்டவாளம் கொழும்பில் எப்படியோ, இங்கே கடற்காற்றுக்குத் தாக்குப்பிடிக்காது. வாடைக்காற்று தொடங்கினால் சில கிழமைகளில் செம்மண் நிறமாகிவிடும். நிக்கல் சில்வர் என்ற கலப்பு உலோகத்தில் செய்தது வேண்டும். அதுவும் வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

ஆக, உங்கள் மேசைக்கு வருவது எங்கள் ரயிலில் நாங்கள் செய்ய முடியாத அந்தக் கொஞ்சப் பகுதி மட்டும்தான்.

இந்தப் பொழுதுபோக்கு உலகம் முழுவதும் விலை ஏறிப்போனதற்கு நீங்கள் பொறுப்பல்ல, அதையும் சொல்லவேண்டும். பிரிட்டிஷ் கம்பனிகள் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றியபோது விலை குறைந்து தரம் உயர்ந்தது. பிறகு அங்கே கூலி ஏறியது. வாங்குபவர்கள் குறைந்தார்கள். இப்போது ஒரு மாதிரியைச் சிறு தொகையாகச் செய்து, முன்பதிவுக்கு விற்று, வார்ப்பு அச்சை மூடிவைத்துவிடுகிறார்கள். இருபது வருடத்துக்கு முன் 80, 90 பவுணுக்கு வாங்கக்கூடிய பெரிய நீராவி என்ஜின் வகை இன்று 200 பவுணைத் தாண்டுகிறது. எங்கள் பக்கத்தில் ரூபாவும் விழுந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இல்லாத நாட்களில் ரயில் சில்லுக்கு டொலர் கேட்கும் துணிவு எங்களில் யாருக்கும் இருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு மரத்தூளுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஆனால் அந்த விலையேற்றத்தின் மேல் நீங்கள் ஏற்றுவது வேறு கதை. அதற்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

வரி கணக்கிடப்படும் அடித்தொகை பொருளின் விலை மட்டுமல்ல. அனுப்பும் கூலியும் காப்புறுதியும் அதில் சேரும். பெரிய இறக்குமதியாளர் கொள்கலன் நிறையக் கொண்டுவந்தால் ஒரு பொருளுக்கு விழும் கூலி சில ரூபா. எனக்கு வரும் சிறு பொதியில் கூலி பொருளின் விலைக்குக் கிட்டவாகவே வந்துவிடும். தண்டவாளம் இன்னும் மோசம். அது ஒரு யார் நீளத் துண்டுகளாக வரும். கூரியர் கம்பனிகள் பெட்டியின் நீள அகல உயரங்களைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருவதையும் எடையாக எடுப்பார்கள். ஒரு மீற்றர் நீளமும் பத்துச் சென்ரிமீற்றர் அகல உயரமும் உள்ள பெட்டிக்குள் இரண்டு துண்டுதான் கிடந்தாலும் அது இரண்டு கிலோ. அந்தக் கூலிக்கும் தீர்வை. தீர்வை சேர்ந்த தொகைக்கு மேல் பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரி முதல் அது 18 வீதம். 2022 ஒக்டோபரிலிருந்து சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி இரண்டரை வீதம். துறைமுக, விமானநிலைய அறவீடு தனி. பிறகு பொதியைக் கையாண்ட கட்டணம், தங்கிய நாட்களுக்குக் களஞ்சியக் கட்டணம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்னவர் இந்த மேசைக்கு முன்னால் நின்றுதான் சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

இதில் யாருக்கு நோகிறது என்று பாருங்கள். வசதியுள்ள ஒருவர் லண்டனிலோ டுபாயிலோ இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லி, 200 பவுண் என்ஜினைப் பயணப்பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவில் வரவழைத்துக்கொள்கிறார். அவரை நான் குறைசொல்லவில்லை. எனக்கும் அப்படி ஒருவர் இருந்தால் நானும் கேட்டிருப்பேன். ஆடம்பரத்துக்கென்று நீங்கள் போட்ட வரி ஆடம்பரப் பொருளைத் தொடுவதில்லை. முழு ரயிலையும் கையால் செய்துவிட்டுச் சில்லுக்கு மட்டும் ஓடர் கொடுப்பவனைத்தான் பிடிக்கிறது. யார் எவ்வளவுக்கெவ்வளவு தானே செய்துகொள்கிறாரோ, அவருடைய பொதி அவ்வளவுக்கவ்வளவு சிறிதாகும். பொதி சிறுக்கச் சிறுக்க, வரியும் கட்டணமும் பொருளின் விலையை விழுங்கிவிடும்.

சட்டத்தின்படிதான் செய்கிறோம் என்பீர்கள். சரி, சட்டத்தையே பார்ப்போம். சர்வதேச தீர்வை அட்டவணையில் 95.03 என்ற தலைப்பின் கீழ் பாவைப்பிள்ளை, மூன்றுசில்லுச் சைக்கிள், புதிர் விளையாட்டு எல்லாவற்றோடும் அளவுக்குக் குறைத்துச் செய்த மாதிரிகளும் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றன. முழு என்ஜினை நீங்கள் அங்கே போடுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே 95ஆம் அத்தியாயத்தின் முதலாவது குறிப்பு மின்மோட்டர்களை வெளிப்படையாக விலக்குகிறது. அவை 85.01க்குரியவை. 37.5 வாட்டுக்கு மேற்படாத மோட்டர்களுக்கு அங்கே தனி உபதலைப்பே உண்டு. என் மோட்டரின் வலு அந்த 37.5 வாட்டுக்கு அருகில்கூட வராது, கட்டைவிரலளவு சாமான். உறையில் ரயில் படம் அச்சிட்டிருந்ததற்காக அது பொம்மையாகிவிடுமா?

பெறுமதி விடயமும் அப்படித்தான். உலக வர்த்தக அமைப்பின் சுங்கப் பெறுமதி உடன்படிக்கைக்கு இலங்கையும் கட்டுப்பட்டது. அதன்படி முதலில் பார்க்கவேண்டியது வாங்கியவர் உண்மையில் கொடுத்த விலை. சந்தேகம் இருந்தால் விளக்கம் கேட்கலாம், ஆவணம் கேட்கலாம். ஆவணத்தை வைத்துக்கொண்டு நான் முன்னால் நிற்கும்போது இணையத்தில் வேறொரு பொருளின் விலையைத் தேடி எழுதுவதற்கு அதில் எங்கே இடம் இருக்கிறது? எழுத்தில் கேட்டால், பெறுமதி எப்படித் தீர்மானிக்கப்பட்டது என்பதை எழுத்தில் பெறும் உரிமையும் அதே உடன்படிக்கையின் 16ஆம் உறுப்புரையில் இருக்கிறது. நான் கேட்டேன். “அப்படி ஒரு நடைமுறை இல்லை” என்றார்கள். வாய்மொழியாகத்தான், அதையும் எழுத்தில் தரவில்லை.

இதற்காக நான் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. ரயில் சில்லு எடுக்க இரவு ரயிலில் போனேன் என்று வீட்டில் இப்போதும் சிரிக்கிறார்கள். கல்லோயாப் பக்கம் யானைக்காக வேகத்தைக் குறைத்து, விடியக் கோட்டையில் இறக்கிவிட்டது. ஒரு நாள் லீவு, போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 31 பவுண் பொருளின் கணக்கு எங்கேயோ போய்விட்டது. கொழும்பிலோ கம்பஹாவிலோ இருப்பவர் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு வேலைக்குத் திரும்பலாம். திருகோணமலை, மட்டக்களப்பு, மன்னார் ஆட்களுக்கு அது முடியாது. உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அதன் கரையில் இருக்கும் ஒருவனால் தன் பேரில் வந்த ஒரு கைப்பிடிச் சில்லை இந்த ஊரில் வைத்துப் பெற முடியவில்லை. கையில் தந்த மதிப்பீட்டுத் தாளில் தமிழ் ஒரு வரிகூட இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழும் அரசகரும மொழி என்று சொன்ன அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் வந்தது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

வளர்ந்தவர்கள் ரயில் விளையாடுவதற்கு நாடு ஏன் இரங்கவேண்டும் என்று கேட்பவர்களும் இருப்பார்கள். இரங்கச் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் என் விறாந்தையில் நடப்பதை மட்டும் சொல்கிறேன். மோட்டரின் சுற்றுவேகத்தைப் பல்சில்லால் குறைத்து, என்ஜின் ஊர்ந்து போகும் வேகத்துக்குக் கொண்டுவரப் பெடியள் விகிதக் கணக்குப் போடுகிறார்கள். வகுப்பில் அதே கணக்கை நான் கரும்பலகையில் எழுதினால் கொட்டாவி விடுபவர்கள்தான். ஒரே தண்டவாளத்தில் இரண்டு என்ஜின்களைத் தனித்தனியே ஓட்டும் டிஜிற்றல் முறையில், என்ஜினுக்குள் விரல்நகத்தளவு சிப் ஒன்று வைக்கவேண்டும். அதன் கம்பிகளை ஒட்டுவது நான் முதலில் சொன்ன அந்தப் பிள்ளை. சிப் எரிந்தால் புதிதாக வாங்க எங்களால் முடியாது என்பதால் அவள் ஒட்டும்போது யாரும் கதைப்பதில்லை. போன வருடம் இரண்டு பேர் வருவதை விட்டுவிட்டார்கள். ஆர்வம் குறையவில்லை, அவர்கள் கட்டிய பெட்டிகளுக்குச் சில்லு வரவில்லை, அவ்வளவுதான். ஒன்றுக்குப் பெயின்ற்கூட அடித்து முடித்தாயிற்று.

நான் கேட்பவை இவை.

மாதிரிகளுக்கான மோட்டர்களை 95.03இல் போடுவதை நிறுத்தி, அட்டவணை சொல்கிறபடி 85.01இல் வகைப்படுத்துங்கள். எல்லா மதிப்பீட்டு மேசைகளுக்கும் இதை ஒரு சுற்றறிக்கையாக அனுப்புங்கள். சில்லு, பல்சில்லு, தண்டவாளம் போன்ற உதிரிப்பாகங்களுக்கு, முழுப் பொம்மைக்குரிய வீதத்திலிருந்து பிரித்து, நாட்டின் அட்டவணையில் தனி உபபிரிவும் குறைந்த வீதமும் கொடுங்கள். தானே செய்பவருக்கும் செய்ததை வாங்குபவருக்கும் இடையில் ஒரு வேறுபாடாவது இருக்கட்டும்.

சொந்தப் பாவனைக்கு வரும் சிறு பொதிகளில் வரியும் கட்டணமும் எல்லாம் சேர்ந்து இன்வொய்ஸ் தொகையின் ஒரு குறிப்பிட்ட பங்கைத் தாண்டக்கூடாது என்று மேல்வரம்பு வையுங்கள். பங்கு எவ்வளவு என்பதை நீங்களே தீர்மானியுங்கள். ஓடர் கொடுக்கும் முன்பே அது எங்களுக்குத் தெரிந்தால் போதும்.

இன்வொய்ஸும் காசு கட்டிய சான்றும் இருக்கும்போது அந்த விலையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்க முடியாவிட்டால் காரணத்தை அதே தாளில், அதே இடத்தில், தமிழில் எழுதித் தாருங்கள். வெளி மாவட்டத்தவர் வரியைத் தங்கள் ஊர்த் தபாற்கந்தோரிலேயே கட்டிப் பொதியைப் பெறவும், ஆட்சேபணை இருந்தால் படங்களோடும் ஆவணங்களோடும் மின்னஞ்சலில் அனுப்பவும் வழிசெய்யுங்கள்.

கடைசியாக, என் பொதியை மறுபடி மதிப்பிட்டு, கூடுதலாக அறவிட்ட தொகையைத் திருப்பித் தாருங்கள். பொதி இலக்கம், இன்வொய்ஸ், வங்கிச் சான்று, உங்கள் மதிப்பீட்டுத் தாள் நான்கின் பிரதிகளையும் பதிவுத் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அடுத்த ஓடர் தண்டவாளம், பத்துத் துண்டு. அனுப்பட்டுமா, நிறுத்தி வைக்கட்டுமா என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். உங்கள் பதிலைப் பார்த்துத்தான் அவருக்கு எழுதுவேன்.

இப்படிக்கு,
உவர்மலை, திருகோணமலையிலிருந்து
மாதிரி ரயில் கட்டும் ஒரு கணித ஆசிரியர்